சுபஸ்ரீ தாமதமாக நுழையும் இடம்

குன்றத்தூர்
16 ஜனவரி 2025

துரைக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அதனால் தபால். ஓசூர் விலாசத்தை சுங்குவார்சத்திரத்தில் உன் பழைய ரூம் பையன்களிடம் வாங்கினேன். புது லைன் போடுவதற்காகக் கம்பெனி உன்னை ஜூன் வரை அங்கே அனுப்பியிருப்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரியும். பேஸ் கிடாரையும் கையோடு எடுத்துப் போனாய் என்றார்கள். அதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நாம் வாசித்தது சரியாகத்தான் இருந்தது. சுபஸ்ரீ போன பிறகு நம் முதல் நிகழ்ச்சி. அவள் கீபோர்டை அதன் இடத்திலேயே வைத்தோம், நாற்காலியோடு. அவள் தனியாக வாசிக்கும் சுற்று வரும்போது நீ நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் இடது காலால் ஹைஹேட் தட்டுகளை மட்டும் மூடித் திறக்க வேண்டும். சுற்று முடியும்வரை அந்தச் சத்தம் ஒன்றுதான். பிறகு இருவரும் சேர்ந்து பாட்டுக்குத் திரும்ப வேண்டும். இதுதான் பேச்சு. முதல் இரண்டு பாட்டில் அப்படியே செய்தாய். மூன்றாவதில் அவள் சுற்று முழுவதையும் பேஸால் நிரப்பினாய். கேட்டதற்கு, பார்க்கிங்கில் எல்லார் முன்னாலும், "காலி நாற்காலிக்கு எவம்ல தாளம் போடுவான்?" என்றாய். அடுத்த நிகழ்ச்சியிலிருந்து கீபோர்டுக்குக் கனிஷ்காவைக் கூப்பிடலாம் என்றாய். முடியாது என்றேன். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

என் கருத்து மாறவில்லை. அவள் இடத்தில் யாரும் உட்கார வேண்டாம். நாம் இருவர் போதும். துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. துக்கம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. காலையில் ஷிஃப்டுக்குப் போகிறேன், பிரஸ் ஷாப்பில் ஒவ்வொரு மெஷினின் அதிர்வையும் அளந்து ரிப்போர்ட் போடுகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். நவம்பரில் டெங்கு என்று அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரி வழியாகத்தான் கம்பெனி பஸ் போகிறது. ஜன்னல் பக்கம்தான் உட்காருகிறேன். ஒன்றும் ஆவதில்லை. இது வாசிப்பைப் பற்றிய கருத்து. வாசிப்பில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

ஜப்பானில், நகோயாவில் பயிற்சிக்கு இருந்தபோது, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காபிக் கடையில் பார்த்த டிரம்ஸ்காரரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டர். ஒரே ஒரு டிரம், ஒரு தட்டு, குச்சிக்குப் பதில் இரண்டு பிரஷ். நான் ஜாஸ் கேட்டது அங்கேதான் முதல் தடவை. வாசித்து முடிந்ததும் எல்லாரும் பியானோக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். டாக்டர் டிரம்மைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பக்கத்தில் இருப்பவரைப் பெரிய ஆளாகக் காட்டிவிட்டுப் போகத் தெரிந்தவன்தான் டிரம்ஸ்காரன். மற்றவர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள். ராஜசேகரைப் பார். கல்யாண வரவேற்பில் குச்சியைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறான், சனம் விசிலடிக்கிறது. குச்சி காற்றில் இருக்கும்போது பாட்டு யாரிடம் இருக்கிறது?

இன்னொன்று. சுபா தன் சுற்றை ஒரு அடி தாமதமாகத்தான் தொடங்குவாள். என்றைக்கும் அப்படித்தான். அதற்காகவே அந்தச் சுற்றின் முதல் அடியை நான் அடிப்பதில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று காலியாக விட்டுவிடுவேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கைக்குப் பழகிப்போன விஷயம். அங்கே இன்னொருத்தி வந்து உட்கார்ந்து சரியான நேரத்துக்கு நுழைந்தால், என் கை என்ன செய்யும்?

பதில் எழுது. இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. பக்கத்து வீட்டில் கொடுத்த கரும்பு கதவோரம் சாய்ந்து நிற்கிறது.

வசந்தகுமார்


ஓசூர்
25 ஜனவரி 2025

ஏல வசந்து,

கடிதம் வந்தது. சூப்பர்வைசர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோர்ட் நோட்டீஸா என்று கேட்டார். இந்தக் காலத்தில் வேறு யாருக்குத் தபால் வருகிறது?

பிளாக்கை எடுக்கமாட்டேன். போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய், உனக்கு வாய் வேகம். தாள் என்றால் எழுதலாம், அடிக்கலாம், மறுபடி எழுதலாம். கிழித்துப் போட்டவை கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அதில் உள்ள வசவெல்லாம் உனக்கு வந்து சேராது, கவலைப்படாதே.

சுபா உன் பொண்டாட்டி. நான் மறக்கவில்லை. ஆனால் எனக்கும் அவள் யாரோ இல்லை. உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து, லைனில் நின்று நின்று கால் வீங்கி ரூமில் கிடந்தவனை, "அண்ணா, சர்ச்சுல பேஸ் வாசிச்சேன்னு சொன்னீங்கல்ல, கெளம்பி வாங்க" என்று கூப்பிட்டு இந்தக் கூத்துக்குள் இழுத்துவிட்டவள் அவள்தான். நீ அன்றைக்கு என் வீங்கின காலைப் பார்த்துவிட்டு, தாளம் போடும்போது குதிகாலைத் தூக்காதே என்றாய். ஒரு வாய் காபி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. நம் உறவு அப்படித்தான் தொடங்கியது.

இப்போது விஷயம். கலைமதி அக்கா கூப்பிட்டார். ஆழ்வார்பேட்டையில் அவர் கச்சேரி நடத்தும் அந்த மாடி அறையில், மார்ச்சிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமையை நமக்கே தருகிறாராம். ஒரு வருஷத்துக்கு. இந்த ஸ்ரீபெரும்புதூர் பெல்ட்டில் ஷிஃப்ட் பார்க்கிற ஆட்களுக்கு இப்படி ஒரு இடம் கிடைப்பது லேசில்லை. சுபா இருந்திருந்தால் மொட்டை மாடியில் ஏறிக் கத்தியிருப்பாள். ஆனால் அக்கா ஒன்று சொன்னார். மூன்று பேர் பெயரைப் பிப்ரவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரு நாற்காலியும் என்றால் என்னை மன்னிக்கணும் துரை என்றார்.

கனிஷ்காவை உனக்குத் தெரியும். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. சுபாவிடம் கீபோர்டு கற்றுக்கொண்ட பெண், இப்போது ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறாள். அவள் சுபா மாதிரி வாசிக்கமாட்டாள். அதனால்தான் அவளைச் சொல்கிறேன்.

உன் பல் டாக்டர் கதையை எத்தனை தடவை கேட்டாயிற்று. பக்கத்தில் ஆள் இருந்தது, டாக்டர் இடம் விட்டார். ஆளே இல்லாமல் இடம் விட்டால் அதற்கு வேறு பெயர்.

நீ வரமாட்டாய் என்றால் கனிஷ்காவோடு ராஜசேகரைக் கூப்பிடப் போகிறேன். மிரட்டுகிறேன் என்று வைத்துக்கொள்.

அய்யாத்துரை


குன்றத்தூர்
2 பிப்ரவரி 2025

துரைக்கு,

மிரட்டல் வந்து சேர்ந்தது. ராஜசேகர் பெயரைப் பார்த்ததும் கேன்டீனில் உட்கார்ந்து அவன் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். நியாயமாகத்தான் பார்த்தேன். கை வேகம். நம் ஏரியாவில் அந்த வேகம் யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. ஆனால் வேகம் என்பது என்ன? எங்கள் பிரஸ் கூடத்தான் வேகமாக அடிக்கிறது. ஷிஃப்ட் முழுக்க ஒரு அடி பிசகாது. யாராவது டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்களா?

அவன் ஒரு பாட்டில் பாடகி மூச்சு விடும் இடங்களில் எல்லாம் உருட்டி அடிக்கிறான். அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். அவன் கேமராவைப் பார்க்கிறான். இதற்குப் பெயர் திறமை என்றால், பஸ்ஸில் பக்கத்து ஆள் மடியில் பையை வைக்கிறவனும் திறமைசாலிதான். அதுவும் ஒரு டிரம்ஸ்காரன் முகத்தைக் கோணிக்கொண்டு வாசித்தால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிடும். கஷ்டமான வேலையைச் செய்கிறவன் முகம் சும்மா இருக்கும். வெல்டரைப் பார், தெரியும்.

நான் செய்தது இதற்கு நேர் எதிர். இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு காலை மட்டும் வைத்தேன். இதைவிட அடக்கமாக ஒருத்தன் என்ன வாசிக்க முடியும்? காலி நாற்காலியும் ஒரு வாத்தியம்தான் என்று கலைமதி அக்காவிடம் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் போய், நாம் ஒத்திகை பார்க்கும் கோடவுனில் தனியாக வாசித்தேன். வாட்ச்மேன் தணிகாசலம் அண்ணா வழக்கம்போல வெளியே பைப் கட்டுகளின் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். சுபாவின் சுற்று வந்தது, நிறுத்தினேன், காலை மட்டும் தட்டினேன். ஓடிவந்தார்.

"இன்னாப்பா, கரண்ட் பூட்ச்சா?"

டிரம்ஸுக்குக் கரண்ட் வேண்டாம் என்றேன். ஒரு பாட்டு என்பது சுற்றுச் சுற்றாக வரும், ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் முன்னால் வந்து அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பார், இது சுபா வாசிக்கிற சுற்று, அதனால் காலியாக விட்டிருக்கிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார்.

"அப்டின்னா அந்த கேப்புல நா மோட்டார் போட்டுக்கட்டா? டேங்குக்குத் தண்ணி ஏத்தணும். நீ அடிக்க சொல்ல போட்டா எனக்கு மோட்டார் சத்தமே கேக்க மாட்டுது."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. அரிசி ஒரு ஆளுக்குப் போடும் அளவு இன்னும் பிடிபடவில்லை. மிஞ்சுவதைத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன்.

கனிஷ்கா வேண்டாம். ராஜசேகர் வேண்டவே வேண்டாம். யோசித்து எழுது.

வசந்தகுமார்


ஓசூர்
9 பிப்ரவரி 2025

வசந்து,

காலி நாற்காலியும் ஒரு வாத்தியம் என்று எழுதியிருக்கிறாய். டீக்கடையில் நின்று வாசித்துவிட்டுச் சிரித்தேன். ரூமுக்கு வந்ததும் கோபம் வந்தது. இதைக் கிழிக்காமல் அனுப்பப் போகிறேன்.

நீ அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாய். நான் திறந்துதான் வைத்திருந்தேன். முதல் பாட்டில் சுபாவின் சுற்று வந்ததும் சனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் விசாரித்தார்கள். கலைமதி அக்கா முன் வரிசையில் யாரிடமோ குனிந்து சொன்னார். அது அப்படியே பின்னால் வரைக்கும் போனது. இரண்டாவது பாட்டில் எல்லார் கண்ணும் நாற்காலியிலிருந்து உன் முகத்துக்கு, உன் முகத்திலிருந்து உன் காலுக்கு. ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நாலைந்து போன் மேலே எழும்பியது. உன் இடது கால் இப்போது வீடியோவாக ஓடிக்கொண்டிருக்கிறது, தெரியுமா உனக்கு? கீழே அழுகிற பொம்மையும் உடைந்த இதயமும். உனக்கு அனுப்ப முடியாது, பிளாக்கில் இருக்கிறாய். யாரிடமாவது கேட்டுப் பார்.

அதைத்தான் மூன்றாவது பாட்டில் என்னால் தாங்க முடியவில்லை. ராஜசேகர் குச்சியைத் தூக்கிப்போட்டுக் காட்டுகிறான். நீ சுபாவைத் தூக்கிக் காட்டுகிறாய். அவனாவது திரும்பப் பிடிக்கிறான்.

கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அவளே என்னிடம் சொன்னது. போன வருஷம் சித்திரையில், ஒத்திகை முடிந்து படப்பை பஸ்ஸுக்கு நின்றோம். நீ டிரம்ஸைத் துடைத்துக்கொண்டு உள்ளே இருந்தாய். உன் வாசிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் சுற்றில் நீ அத்தனை இடம் விட்டு விலகிக்கொள்கிறாயே, வாசிக்க சுகமாக இருக்குமே என்று நான்தான் ஆரம்பித்தேன். சிரித்தாள்.

"நீங்க வேற அண்ணா. நடு ரோட்டுல எறக்கி வுட்டா மாதிரி இருக்கும். என் சுத்து ஆரம்பிக்கற எடத்துல அவரு ஒரு அடி அடிப்பாரு, அத்தப் புடிச்சிக்கினு உள்ள போலாம்னு ஒவ்வொரு வாட்டியும் காத்துக்கினு இருப்பேன். அடிக்கவே மாட்டாரு. சரி போன்னு நானே குதிச்சிடுவேன்."

அதனால்தான் அவள் ஒரு அடி தாமதம், வசந்து. அவள் மூச்சு வாங்கவில்லை. உனக்காக நின்றாள். அவள் தாமதமாக வருகிறாள் என்று நீ நிறுத்தினாய். நீ நிறுத்துகிறாய் என்று அவள் தாமதமாக வந்தாள். இத்தனை வருஷம்.

அய்யாத்துரை


குன்றத்தூர்
14 பிப்ரவரி 2025

அய்யாத்துரைக்கு,

வீடியோவைப் பார்த்தேன். கால் சரியான நேரத்தில்தான் இருக்கிறது.

மற்றதை நான் நம்பவில்லை. அப்படி என்றால் அவள் என்னிடம் சொல்லியிருப்பாள். சாம்பாரில் உப்பு கூடினால் சொல்வாள், வண்டியில் வளைவில் வேகம் கூடினால் சொல்வாள். இதை மட்டும் பஸ் ஸ்டாப்பில் உன்னிடம் சொல்வாளா? பழைய ஒத்திகைப் பதிவுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. முதல் பதிவைப் போட்டால் யாருக்காக யார் நின்றோம் என்று தெரிந்துவிடும். போடவில்லை. அவள் நடுவில் பேசியிருப்பாள்.

ராஜசேகரையே வைத்துக்கொள். கோபத்தில் சொல்லவில்லை. கனிஷ்காவும் அவனும் ஞாயிறு 23 மதியம் கோடவுனுக்கு வரட்டும், சாவி என்னிடம் இருப்பதால் நான் வந்து திறந்துவிடுகிறேன். டிரம்ஸ் அங்கேயே இருக்கட்டும், அவன் வாசிக்கட்டும். என் ரைடு சிம்பலை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்வேன். அந்தத் தட்டு நான் நகோயாவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது, அதைக் கல்யாணக் கச்சேரிக்காரனிடம் கொடுக்க முடியாது.

சுபாவின் கீபோர்டைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன். அதன் மேல் துண்டு போட்டிருக்கிறது, யாரும் எடுக்க வேண்டாம்.

வசந்தகுமார்


ஓசூர்
19 பிப்ரவரி 2025

வசந்து,

ராஜசேகரிடமும் கனிஷ்காவிடமும் சொல்லிவிட்டேன். ஞாயிறு எனக்கு லைன் ட்ரயல், வர முடியாது. அக்காவிடம் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை 28 வரை வைத்திருப்பேன், அதற்கு மேல் முடியாது.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். நானும் அவளிடம் அதையே கேட்டேன். அவனிடமே சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"சொன்னா மாத்திப்பாரு. ஆனா அந்த எடத்தக் காலியா வுட்டுட்டு என்னப் பாத்து ஒரு மாரி சிரிப்பாரு அண்ணா. அது பூடும்."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ் வந்துவிட்டது.

அவளைக் கிடத்தியிருந்த அன்று நடந்தது ஒன்று என் கண்ணிலேயே நிற்கிறது. வாடகைக்கு எடுத்த ஃப்ரீசர் பெட்டி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம். நீ அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, குனிந்து, பெட்டியின் காலுக்கு அடியில் செருகினாய். சத்தம் நின்றது. கையை வைத்துப் பார்த்தாய், அதிர்வு இருக்கிறதா என்று. உன் மாமியார் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு உன்மேல் கோபம் வரவில்லை. உனக்குத் தெரிந்த விதத்தில் நீ அவளுக்கு ஏதோ செய்தாய் என்றுதான் பட்டது. ஆனால் சத்தத்தை நிறுத்துவது ஒன்றுதான் உனக்குத் தெரியும் என்று இருந்துவிடாதே, மக்கா.

துரை


குன்றத்தூர்
24 பிப்ரவரி 2025

துரை,

நேற்று கோடவுனில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன்.

திறந்துவிட்டு, சிம்பலைக் கழற்றிக்கொண்டு கிளம்புவதாகத்தான் இருந்தேன். நான் ஸ்பேனர் எடுப்பதற்குள் ராஜசேகர் வந்துவிட்டான். வந்ததும் வணக்கம் சொல்லி, என் பழைய நிகழ்ச்சிகளைப் பார்த்திருப்பதாகவும், நான் செய்வதுபோல் அடிக்காமலே இருப்பது தனக்கு வரவே வராது என்றும் சொன்னான். பாராட்டா, கிண்டலா என்று தெரியவில்லை. சிம்பல் இருக்கட்டும், முடிந்ததும் கழற்றிக்கொள்கிறேன் என்று வாசலோரம் பைப் கட்டின் மேல் போய் உட்கார்ந்தேன்.

கனிஷ்கா தன் சின்னக் கீபோர்டில் ஆரம்பித்தாள். நம் மூன்றாவது பாட்டு. ராஜசேகர் நான் நினைத்தபடியேதான் வாசித்தான். எங்கெல்லாம் சந்து கிடைத்ததோ அங்கெல்லாம் நுழைந்தான். அவள் சுற்று வந்தபோது குச்சியைத் தூக்கிப் போட்டான். கேட்பதற்கு இரண்டு பேர், அதில் ஒருவர் தணிகாசலம் அண்ணா, அதற்கும் தூக்கிப் போட்டான். ஆனால் ஒன்று பார்த்தேன், அதை மறைத்தால் நான் நியாயமானவன் இல்லை. குச்சி மேலே சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் வலது கால் கீழே அந்தச் சுற்றின் முதல் அடியை நச்சென்று போட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். குச்சி காற்றில் இருக்கும்போது பாட்டு யாரிடம் இருக்கிறது என்று உன்னிடம் கேட்டேன் அல்லவா. அவன் காலில் இருந்தது.

உள்ளே போன பிறகு அவளை அவன் ஒரு வரி சேர்ந்தாற்போல வாசிக்க விடவில்லை, அது வேறு விஷயம். இருந்தும், அவன் அவளை நடத்தியது தப்பு, உள்ளே நுழைத்தது சரி.

அவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வரவேற்பு இருந்தது. வேகமாகக் கிளம்பிப் போனான். கனிஷ்கா ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். அவள் முகம் ஷிஃப்ட் முடிந்து வரும் ஆள் முகம்போல இருந்தது. எனக்கு ஏன் தோன்றியதோ, ஒரு தடவை என்னோடு வாசித்துப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அவள் கீபோர்டில் கட்டைகள் குறைவு, கீழ்ச் சுரங்களுக்குக் கட்டை போதாமல் தடுமாறிக்கொண்டே இருந்தாள். சுபாவின் கீபோர்டு மேல் கிடந்த துண்டை நானே எடுத்தேன். மடித்து நாற்காலி முதுகில் போட்டேன். அவள் உட்காரத் தயங்கினாள். உட்கார் என்றேன்.

பிரஷ்ஷை எடுத்தேன். நன்றாகவே போனது. அவள் சுற்று வந்தது. முதல் அடியை விட்டேன். அவள் நுழையவில்லை. பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டேன். அவள் கையை எடுத்துவிட்டாள். மறுபடி வாசித்தோம், மறுபடி அதே இடம், மறுபடி நின்றாள். ஏன் நிறுத்துகிறாய் என்றேன்.

"நா எங்கண்ணா நிறுத்தறேன்? நீங்கதான் நிறுத்தறீங்க. சுத்து எங்க ஆரம்பிக்குதுன்னே தெரில. மிஸ்ஸு எப்டிதான் உங்ககூட வாசிச்சாங்களோ."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீ எழுதியிருந்ததை அவள் படித்திருக்க முடியாது.

சுபா சொல்லாமல் வைத்திருந்தது எனக்குப் புரிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். எனக்குப் புரிந்தது டிரம்ஸ் மட்டும்தான். காலியாக விட்ட இடத்தில் ஒருத்தி நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அதை மரியாதை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். இடம் விடுவதில் என் கருத்து இப்போதும் அதேதான், துரை. ஆனால் கதவைத் திறந்துவிட்டு அல்லவா விலகிக்கொள்ள வேண்டும்.

கலைமதி அக்காவுக்கு இன்று காலை நானே போன் செய்தேன். கனிஷ்கா, அய்யாத்துரை, வசந்தகுமார். மூன்று பெயர். மார்ச் எட்டாம் தேதி பேஸோடு வந்துவிடு. ராஜசேகரிடமும் பேசினேன். அவன் ஒன்றும் வருத்தப்படவில்லை, அந்த மாதம் முழுக்க முகூர்த்தமாம். அந்த வலது காலைப் பற்றிச் சொன்னேன். எது அண்ணா என்று கேட்டான். அவனுக்கே தெரியவில்லை.

ஜனவரியில் நீ பேஸால் நிரப்பிய அந்தச் சுற்று நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் அவசரப்பட்டாய். நேரில் வரும்போது சொல்கிறேன். பிளாக்கை எடுப்பது உன் இஷ்டம்.

கடைசியாக நடந்ததைச் சொல்லவில்லை. பிரஷ்ஷை வைத்துவிட்டு, ராஜசேகர் மறந்து விட்டுப்போன தடிக் குச்சிகளை எடுத்தேன். பாட்டை முதலிலிருந்து தொடங்கினோம். அவள் சுற்றுக்கு முந்தின வரி வந்ததும் கை தானாகவே நிற்கப் பார்த்தது. பக்கவாட்டில் பார்த்துச் சிரிக்க முகம்கூடத் திரும்பியது. அங்கே கனிஷ்கா பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையும் கையையும் சேர்த்து அந்த முதல் அடியை அடித்தேன். அளவு தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அடித்ததே இல்லை அல்லவா, எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. தகரக் கூரை முழுக்க அதிர்ந்தது. காது அடைத்துக்கொண்டது. ரசனை என்று நான் பேசுகிற எதுவும் அதில் கிடையாது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு, நேரத்துக்கு, உள்ளே போனாள்.

சுபாவின் வாசிப்பு இல்லை அது. ஒரு இடத்தில்கூட இல்லை. நான் கடைசி வரை அடித்துக்கொண்டே இருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்ததைச் சுற்று முடிந்த பிறகுதான் கவனித்தேன், சிம்பலில் சொட்டியிருந்தது.

தணிகாசலம் அண்ணா வாசலில் வந்து நின்றார். கையில் மோட்டார் ஸ்விட்ச் பெட்டியின் சாவி.

"இன்னாப்பா, கரண்ட் வந்துச்சா?"

வந்துடுச்சுண்ணா என்றேன்.

வசந்து